மன்ற மேடையும் பள்ளி மேடையும்

(பொங்கல் விழாவுக்குப் பின், மன்ற நாடகக் குழுவினரையும் பள்ளி ஆசிரியர்களையும் பெற்றோர்களையும் ஒன்றாக அழைத்து நம் சங்கம் மும்பை தாராவியில் நடத்திய கூட்டத்தில் மன்றச் செயலாளர் பேசியதன் எழுத்து வடிவம்.)



நான் பெரிய படிப்புப் படித்தவன் அல்ல. ரயில்வேயில் குமாஸ்தா. படித்தது பத்தாம் வகுப்பு. டிக்கெட்டுக் கவுண்டரில் கேட்ட ஊருக்குச் சீட்டு, கொடுத்த பணத்துக்கு மீதி என்று இருந்து பழகியவன். ஆகவே சுற்றி வளைக்காமல் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

இந்த ஆண்டு பொங்கலுக்கு நம் மன்றத்தின் நாடகமும் பள்ளிக்கூடத்தின் ஆண்டு விழா நாடகமும் ஒரே சனிக்கிழமை, ஒரே மாலை நேரத்தில் நடந்தன. இரண்டுக்கும் நடுவே அரைக் கிலோ மீட்டர் தூரம் கூட இல்லை. அங்கே மைக் சத்தம் இங்கே கேட்டது. இங்கே மைக் சத்தம் அங்கே கேட்டது. அங்கேயும் பாதி நாற்காலி காலி. இங்கேயும் பாதிப் பாய் காலி. ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். இங்கே கூத்தாடியே இரண்டுபட்டுப் போனான். அப்படியானால் கொண்டாட்டம் யாருக்கு? அதைத்தான் இன்று யோசிக்க வேண்டும்.

தேதி எப்படி மோதியது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பள்ளியிலிருந்து ஓர் ஆசிரியர் பத்து நாளைக்கு முன்பே என்னைப் பார்க்க வந்தார். "எங்களுக்கு அந்த ஒரு நாள்தான் கிடைத்திருக்கிறது. நீங்கள் ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றிக் கொள்ள முடியுமா?" என்று கேட்டார். "நோட்டீஸ் அடித்தாகிவிட்டது, மாற்ற முடியாது" என்று சொன்னேன். நோட்டீஸ் அன்று அச்சுக்குப் போகவில்லை, தோழர்களே. மறுநாள்தான் போனது. முந்தின ஆண்டு நம் பையன்களை வைத்து அவர்கள் கோப்பை வாங்கி, நம் மன்றத்தின் பெயரை ஒரு வார்த்தை கூடச் சொல்லவில்லை என்ற கோபம் எனக்கு. அந்தக் கோபத்தில் பொய் சொன்னேன். அதை இந்தச் சபையில் ஒப்புக் கொண்டுவிட்டுத்தான் மற்றதைப் பேச எனக்கு யோக்கியதை உண்டு.

அதன் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். "மன்ற நாடகத்தில் நடிப்பவர்களுக்குப் பள்ளி நாடகத்தில் வேடம் இல்லை" என்று அங்கே சொன்னார்கள். "பள்ளிக்கூடம்தான் பெரிது என்றால் இங்கே வராதே" என்று நாங்கள் சொன்னோம். இரண்டு பக்கமும் நடித்துக் கொண்டிருந்த பிள்ளைகள் நான்கு பேர். மூன்று பேர் ஏதோ ஒரு பக்கம் போய்ச் சேர்ந்தார்கள். நான்காவது ஒரு பெண் பிள்ளை, ஒன்பதாம் வகுப்பு. அங்கே அவளுக்குப் பாண்டியன் சபையில் நீதி கேட்கும் கண்ணகி வேடம். இங்கே, வீட்டுக் கணக்கெடுப்பு பற்றிய நம் நாடகத்தில், வாசலில் ஒட்டிய மராட்டி நோட்டீசைத் தாய் தகப்பனுக்குப் படித்துச் சொல்லும் மகள் வேடம். "ஒன்றைத் தேர்ந்தெடு" என்று இரண்டு பக்கமும் சொன்னதும், அவள் இரண்டுக்கும் வரவில்லை. அன்று மாலை வீட்டில் உட்கார்ந்து தையல் கடைச் சட்டைகளுக்குப் பிசிறு நூல் வெட்டிக் கொண்டிருந்தாள்.

நம் நாடகத்தில் அவள் வேடத்தை ஒரு பையனுக்குத் தாவணி கட்டிக் கொடுத்தோம். அவனுக்கு மராட்டி சரளமாக வராது. நோட்டீசைத் தட்டுத் தடுமாறிப் படித்தான். அழ வேண்டிய இடத்தில் சனங்கள் சிரித்தார்கள். பள்ளியில் கண்ணகி வேடத்தைக் கடைசி நேரத்தில் ஏற்ற பிள்ளை, தாளைப் பார்த்து வாசித்தாள் என்று கேள்விப்பட்டேன். ஆக, சண்டையில் ஜெயித்தது யார்?

இரு பக்கத்துக் குறைகள்

மன்றத்தின் மேல் ஆசிரியர்கள் சொல்லும் குறைகளை நான் மறைக்கப் போவதில்லை. ஒத்திகை என்று ராத்திரி பதினோரு மணி வரை பிள்ளையைப் பிடித்து வைத்துக் கொள்கிறோம்; மறுநாள் வகுப்பில் அவன் தூங்குகிறான். மார்ச்சில் பத்தாம் வகுப்புப் பரீட்சை என்று தெரிந்திருந்தும் ஜனவரியில் அவனுக்கு முப்பது பக்க வசனம் கொடுக்கிறோம். கைதட்டலுக்காக இரட்டை அர்த்தப் பேச்சைச் சேர்க்கிறோம். படுதாவுக்குப் பின்னால் பாட்டிலும் கையுமாக நிற்கிறவர்களைத் தட்டிக் கேட்பதில்லை. இதனால்தான் பெண் பிள்ளைகளை யாரும் அனுப்புவதில்லை. எத்தனையோ ஆண்டுகள் பெண் வேடத்துக்கு ஊரிலிருந்து சம்பளம் பேசி நடிகையை வரவழைத்தோம். நம் தெருவில் பேசத் தெரிந்த பெண்கள் இல்லாமலா? தண்ணீர்க் குழாயடியில் போய்க் கேட்டுப் பாருங்கள்.

பள்ளியின் மேல் மன்றத்தார் சொல்லும் குறைகளையும் ஆசிரியர்கள் மன வருத்தமின்றிக் கேட்க வேண்டும். ஆண்டுதோறும் அதே நான்கு பிள்ளைகளைத்தான் பொறுக்கி எடுக்கிறீர்கள். திருநெல்வேலிப் பேச்சுப் பேசினால் "கொச்சை" என்று தள்ளிவிடுகிறீர்கள். "ழ" வராதவனுக்கு வசனம் கிடையாது. மரமாகவோ மதிலாகவோ நிற்க வேண்டியதுதான். அவன் வீட்டில் நடப்பதைப் பற்றி ஒரு நாடகமும் கிடையாது. கட்டபொம்மன் உண்டு, கண்ணகி உண்டு, அப்புறம் சுத்தம் சுகாதாரம் பற்றிய இருபது நிமிட நாடகம் உண்டு. முன் வரிசை எல்லாம் விருந்தாளிகளுக்கு. பெற்றவள் கடைசியில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போக வேண்டும்.

இரண்டு பட்டியலும் உண்மைதான். இவற்றுக்கு என் வாழ்க்கையே சாட்சி.

நான் பள்ளியில் படித்த காலத்தில் எனக்குக் கிடைத்தது வேல் பிடித்து நிற்கும் காவலாளி வேடம். மூன்று ஆண்டு அதே வேல். வாய் திறக்க வேண்டியதில்லை. மன்றத்தில்தான் முதல் முதலாக எனக்கு வசனம் கொடுத்தார்கள். "நீ வீட்டில் எப்படிப் பேசுவாயோ அப்படியே பேசு" என்றார் நாடகம் எழுதியவர். அவர் ஒரு தையல்காரர். அன்று பேசினேன், இன்று வரை பேசிக் கொண்டிருக்கிறேன். அதிகாரி முன்னால் நின்று தொழிலாளிக்காக ஒரு வார்த்தை பேச எனக்குத் துணிவு வந்தது அந்த மேடையில்தான்.

ஆனால் அதே மன்றம் என்னிடமிருந்து எதை எடுத்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1997 மார்ச்சில் பத்தாம் வகுப்புப் பரீட்சை. பிப்ரவரி கடைசி வரை ஒத்திகை. கணக்கில் தோற்றுப் போனேன். என் தாயார் அன்று சொன்னது காதில் இருக்கிறது: "மேடையில ராசா வேசம் கட்டுனா வீட்டுல உலை கொதிக்குமால?" அக்டோபரில் மறுபடி எழுத வைத்தார். அதற்குள் எந்த ஒத்திகைக்கும் என்னை விடவில்லை. மன்றத்துக்காரர்கள் வீட்டுக்கு வந்தபோது வாசலிலேயே நிறுத்திப் பேசி அனுப்பிவிட்டார். அக்டோபரில் தேறினேன். இரண்டு ஆண்டு கழித்து, ரயில்வே பணிமனையில் கலாசியாக இருந்த என் தகப்பனார் வேலையில் இருக்கும்போதே காலமானார். கருணை அடிப்படையில் எனக்கு வேலை கொடுக்க வந்தபோது கேட்ட முதல் கேள்வி, "பத்தாவது பாஸா?" என்பதுதான். பாஸ் என்பதால் குமாஸ்தா. இல்லையென்றால் தகப்பனார் தூக்கிய இரும்பையே நானும் தூக்கியிருப்பேன். என்னோடு அதே நாடகத்தில் நடித்த இரண்டு பேர் அக்டோபரில் எழுதவில்லை. அவர்கள் என்னைவிட நன்றாக நடித்தவர்கள். இன்று எப்படி இருக்கிறார்கள் என்பது உங்களில் பலருக்குத் தெரியும்.

ஆகவே, "மன்றமும் பள்ளியும் இரு கண்கள்" என்று சொல்லிக் கைதட்டல் வாங்கிக் கொண்டு உட்கார நான் வரவில்லை. ஒரு மேடை எனக்கு வாய் கொடுத்தது. இன்னொன்று சோறு கொடுத்தது. இரண்டும் ஒன்றையொன்று அழித்துக் கொண்டுதான் கொடுக்க வேண்டுமா என்பதே என் கேள்வி.

பழைய கதை

இந்தச் சண்டை நாம் கண்டுபிடித்ததல்ல. தமிழ் நாடகத்தின் சரித்திரத்திலேயே இருக்கிறது.

1891-இல் சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். அவர் சட்டம் படித்து நீதிபதியாகவும் இருந்தவர். நாடகம் என்றால் கூத்தாடிகள் தொழில் என்றிருந்த காலத்தில், வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் வேடம் கட்டினார்கள். படிப்பு முடிந்து, வேலையும் இருந்து, மாலை நேரத்தில் நடித்தார்கள். அவர்களுக்குப் படிப்பா நாடகமா என்ற கேள்வி எழவில்லை.

ஏழைப் பிள்ளைகள் கதை வேறு. 1918-இல் மதுரையில் சங்கரதாஸ் சுவாமிகள் பிள்ளைகளைக் கொண்டு ஒரு பால சபையை நடத்தினார். டி.கே.எஸ். சகோதரர்கள் அந்தச் சபையில்தான் சிறு வயதில் சேர்ந்தார்கள். டி.கே. சண்முகம் பிறந்தது 1912. கணக்குப் போட்டுப் பாருங்கள், என்ன வயது என்று. அதுபோன்ற பாய்ஸ் கம்பெனிகளில் பிள்ளைகள் தங்கி, உண்டு, பாட்டும் வசனமும் உச்சரிப்பும் கற்றார்கள். ஆயிரக்கணக்கான வரிகளை மனப்பாடம் செய்தார்கள். அந்த வகையில் அதுவும் ஒரு பள்ளிக்கூடம். எம்.ஜி.ஆர்., சிவாஜி கணேசன், எம்.ஆர். ராதா எல்லோரும் பாய்ஸ் கம்பெனியில் வளர்ந்தவர்களே. வீட்டில் வறுமை, கம்பெனியில் சோறு. பள்ளிப் படிப்பு நின்றது; மேடை தொடர்ந்தது.

அந்தப் பெயர்களைச் சொல்லி, "அவர்கள் படித்தார்களா? பெரிய ஆள் ஆகவில்லையா?" என்று நம் தோழர்கள் சிலர் கேட்பதுண்டு. நான் கேட்கிறேன்: நமக்குப் பெயர் தெரிந்தவர்கள் எத்தனை பேர்? குரல் உடைந்ததும் வேடம் போய், வீட்டுக்கு அனுப்பப்பட்ட பையன்கள் எத்தனை பேர்? அவர்கள் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை.

பிறகு இயக்க நாடகங்கள் வந்தன. எம்.ஏ. படித்த அண்ணா நாடகம் எழுதி, தாமே வேடம் கட்டினார். பள்ளிப் படிப்பு அதிகம் இல்லாத எம்.ஆர். ராதா அரசாங்கமே அஞ்சும்படி மேடையில் பேசினார். அவர் நாடகங்களைக் கட்டுப்படுத்தவே 1954-இல் சென்னை அரசு நாடகச் சட்டம் கொண்டு வந்தது. அந்தச் சட்டம் செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2013-இல்தான். படித்தவரும் படிக்காதவரும் ஒரே மேடையில் நின்றபோதுதான் தமிழ் நாடகத்துக்குப் பலம் இருந்தது. நம் மன்றங்கள் எல்லாம் அந்த மேடையின் பேரப்பிள்ளைகள். அதை மறந்துவிட்டோம்.

பக்கத்து வீட்டுப் பாடம்

ஊர்க் கதை போதும். நாம் வாழும் இந்த மும்பையைப் பார்ப்போம். அண்ணா பாவு சாத்தே 1920-இல் சாங்லி மாவட்டத்தில், தீண்டாமைக்கு ஆளான ஒரு குடும்பத்தில் பிறந்தார். பிழைப்புக்காகக் குடும்பத்தோடு மும்பைக்கு நடந்தே வந்தார். பள்ளிக்கூடம் போனது ஒன்றரை நாள் என்பார்கள். 1944-இல் அமர் ஷேக், கவாண்கர் ஆகிய தோழர்களோடு சேர்ந்து செங்கொடிக் கலைக்குழு தொடங்கித் தொழிலாளர் மத்தியில் பாட்டும் தமாஷாவும் நடத்தினார். அவர் எழுதிய நூல்களை இன்று பட்டதாரிகள் படிக்கிறார்கள். ஆனால் அவர் படிக்காமல் இருந்ததைப் பெருமையாக எடுத்துக் கொள்ளக்கூடாது. அவரைப் பள்ளிக்குள் இருக்க விடாத சாதியை நினைத்து நாம் கோபப்பட வேண்டும்.

பரேலில் தாமோதர் நாட்டியகிருகம் என்று ஒன்று உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். 1922 முதல் இருந்தது. ஆலைத் தொழிலாளர்கள் ஷிப்டு முடிந்து வந்து வேடம் கட்டிய மேடை அது. 1982-இல் ஆலை வேலை நிறுத்தம் வந்து, ஆலைகள் ஒன்றொன்றாக மூடின. அந்த நாடகங்களும் சுருங்கின. 2023-இல் அரங்கையே மூடிவிட்டார்கள். இடித்துக் கட்டப் போவதாகச் சொன்னபோது மராட்டி நாடகக்காரர்கள் திரண்டு எதிர்த்தார்கள். அந்த வளாகத்திலேயே பள்ளிக்கூடமும் இருக்கிறது. புதுக் கட்டடத்தில் பள்ளிக்கு எவ்வளவு, நாடகத்துக்கு எவ்வளவு என்பதே அங்கே வழக்கு. நூறு வயதான மேடைக்கே அந்த நிலை என்றால், நம் தார்ப்பாய் மேடை எம்மாத்திரம்?

இன்னொன்றும் நடந்திருக்கிறது. மராட்டியில் சுதா கர்மார்க்கர் 1959-இல் பிள்ளைகளுக்கென்றே நாடகக் குழு தொடங்கினார். அதன் முதல் நாடகத்தை எழுதிய ரத்னாகர் மத்கரி, 2020-இல் காலமானவர், தம் கடைசிக் காலத்தில் தானேயின் குடிசைப் பகுதிப் பிள்ளைகளுக்காக ஒரு மேடை அமைத்தார். அங்கே பெரியவர்கள் எழுதிக் கொடுத்து அவர்கள் ஒப்பிக்கவில்லை. தங்கள் சந்து, தங்கள் வீடு, தங்கள் அப்பன் குடி, தங்கள் அக்காள் கலியாணம், இவற்றைத் தாங்களே நாடகமாக்கி நடித்தார்கள். பள்ளியில் படிக்கும் பிள்ளைகள், தெருவின் கதை, நல்ல மேடை. மூன்றும் ஓரிடத்தில் சேர முடியும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

பத்து மணி

நம் சண்டைக்கு ஒரு காரணத்தை யாரும் பேசுவதில்லை. அதை நான் கடிகாரத்தில் பார்க்கிறேன்.

முன்பெல்லாம் மன்ற நாடகம் ராத்திரி பத்து மணிக்குத்தான் தொடங்கும். ஆட்கள் டூட்டி முடிந்து, லோக்கல் வண்டி பிடித்து வந்து, சாப்பிட்டுவிட்டுப் பாய் போட்டு உட்காருவார்கள். விடியற்காலை வரை நடக்கும். பள்ளி நாடகம் பகலில். இரண்டுக்கும் மோதல் இல்லை. 2000-இல் ஒலி மாசு விதிகள் வந்தன. இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது. நல்ல விதிதான், நோயாளிகள் இருக்கிறார்கள், படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆனால் அன்று முதல் நம் நாடகம் மாலை ஆறுக்கும் பத்துக்கும் நடுவே வந்து சிக்கிக் கொண்டது. அதே நேரம்தான் பள்ளி விழாவுக்கும் வேண்டும். அதே மைக்காரர், அதே டிரஸ் கம்பெனி, அதே பிள்ளைகள், அதே நான்கு மணி நேரம். எட்டு மணிக்கு வேலை விட்டு ஒன்பதுக்கு வரும் தகப்பன் இரண்டையும் பார்க்க முடிவதில்லை.

அந்த விதியிலேயே ஒரு வழியும் உண்டு. ஆண்டுக்கு 15 நாள்களுக்கு மிகாமல், பண்டிகை, கலை நிகழ்ச்சிகளுக்காக நள்ளிரவு 12 வரை அரசாங்கம் தளர்த்தலாம். அந்த நாள்களில் ஒன்று பொங்கலுக்கு வேண்டும் என்று மன்றமும் பள்ளியும் பெற்றோரும் சேர்ந்து ஒரே தாளில் கையெழுத்திட்டுக் கேட்டிருக்கிறோமா? இல்லை. நீ பெரியவனா நான் பெரியவனா என்று பார்க்கவே நேரம் சரியாக இருந்தது.

செய்ய வேண்டியவை

நான் ஐந்து விஷயங்களை முன்வைக்கிறேன். கூட்டம் திருத்தலாம், கூட்டலாம், குறைக்கலாம்.

முதலாவது, தேதி. ஜூனில் பள்ளி திறந்ததும் மன்றமும் பள்ளியும் உட்கார்ந்து ஆண்டுக்கான நாள்களைக் குறித்து இரண்டு வாசலிலும் ஒட்ட வேண்டும். இனி செயலாளர் எவரும் "நோட்டீஸ் அடித்தாகிவிட்டது" என்று சொல்ல வழி இருக்கக்கூடாது.

இரண்டாவது, படிப்பு. பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குத் தீபாவளிக்குப் பிறகு பரீட்சை முடியும் வரை மன்றத்தில் வேடம் இல்லை. மற்ற பிள்ளைகளுக்கு ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் ஒத்திகை இல்லை. சினிமாவில் காசு வாங்கி நடிக்கும் பிள்ளைக்கே 2017 விதிப்படி ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது. ஓய்வில்லாமல் மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடாது. காசு வாங்காத நம் பிள்ளைக்கு அதைவிடக் குறைந்த பாதுகாப்பா? இதை நான் மன்றத்தின் சார்பில் இப்போதே ஏற்கிறேன்.

மூன்றாவது, பேச்சு. ஆசிரியர்கள் உச்சரிப்பைத் திருத்துங்கள். அது உங்கள் கடமை. பிள்ளைக்கு "ழ" வர வேண்டும். ஆனால் வீட்டுப் பேச்சுப் பேசும் வேடம் வந்தால் அதை வீட்டுப் பேச்சிலேயே பேச விடுங்கள். தாய் பேசும் பேச்சைக் கேலி செய்தால் பிள்ளை தமிழை விட்டே ஓடுவான். மும்பை மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளி நடத்துகிறது; அவற்றில் தமிழும் ஒன்று. அந்தத் தமிழ் வகுப்புகளில் பெஞ்சு காலியாகிக் கொண்டே வருவது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். தமிழில் நாலு வார்த்தை பேசிக் கைதட்டல் வாங்கிய பிள்ளை அந்த மொழியைச் சுலபத்தில் விடாது.

நான்காவது, பெண் பிள்ளைகள். மன்ற ஒத்திகை இனிப் பள்ளிக்கூடத்து அறையில் நடக்கட்டும். விளக்கு எரியும் இடம். ஓர் ஆசிரியையோ இரண்டு தாய்மாரோ உடன் இருக்கட்டும். குடித்துவிட்டு வருகிறவன் என் சொந்தத் தம்பியாக இருந்தாலும் வாசலோடு போகட்டும். அப்படிச் செய்தால் ஊரிலிருந்து சம்பளத்துக்கு நடிகை வரவழைக்கும் பணத்தை மிச்சம் பிடித்து, பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் வாங்கலாம்.

ஐந்தாவது, கொடுக்கல் வாங்கல். மகாராஷ்டிரத்தில் பொது மேடையில் நாடகம் போட முன்கூட்டியே கதை வசனத்தைக் காட்டிச் சான்று வாங்க வேண்டும். மனு எழுத, போலீஸ் அனுமதி கேட்க, மராட்டி வேண்டும். நம்மில் பலருக்குப் பேசத் தெரியும், எழுதத் தெரியாது. 2020 சட்டப்படி இந்த மாநிலத்துப் பள்ளிகளில் மராட்டி கட்டாயப் பாடம். நம் பிள்ளைகள் நமக்கு எழுதிக் கொடுப்பார்கள். பதிலுக்கு, படுதா கட்ட, விளக்குப் போட, ஒப்பனை செய்யத் தெரிந்தவர்கள் மன்றத்தில் இருக்கிறார்கள். பள்ளி விழாவுக்குக் கூலி கேட்காமல் வருவார்கள். இரண்டு நோட்டீசிலும் இரண்டு பெயரும் அச்சாக வேண்டும். பெயர் போடாததால் வந்த கோபம் எத்தனை தூரம் போகும் என்பதற்கு நானே உதாரணம்.

யாருக்குக் கொண்டாட்டம்?

கடைசியாக, தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு வருகிறேன். நாம் இரண்டுபட்டால் கொண்டாட்டம் யாருக்கு?

தாராவிச் சீரமைப்புக்காக வீடு வீடாகக் கணக்கெடுத்திருக்கிறார்கள். 1-1-2000-க்கு முன்பு வந்தவரா, பின்பு வந்தவரா, தரைத் தளமா, மாடியா என்று பிரித்துப் பிரித்து எழுதுகிறார்கள். வீட்டுக்குக் கணக்கு உண்டு. கடைக்குக் கணக்கு உண்டு. தார்ப்பாய் கட்டி நாம் நாடகம் போடும் மூலைக்குக் கணக்கு எந்தக் கட்டத்தில் வரும்? பிள்ளைகள் ஒத்திகை பார்க்கும் மைதானத் துண்டுக்கு யார் சான்று வைத்திருக்கிறார்கள்? ஒரு பக்கம் மன்றம் போய், "எங்களுக்கு ஓர் அரங்கம்" என்று கேட்கும். இன்னொரு பக்கம் பள்ளி போய், "எங்களுக்கு ஒரு மண்டபம்" என்று கேட்கும். அதிகாரி இரண்டு மனுவையும் பார்த்து, "முதலில் உங்களுக்குள் பேசி முடித்துக் கொண்டு வாருங்கள்" என்று சொல்லி இரண்டையும் கட்டி வைத்துவிடுவார். நான் ஆபீஸில் இருப்பவன். பைல் எப்படி உறங்கும் என்று எனக்குத் தெரியும்.

ஆகவே மனு ஒன்றாக இருக்கட்டும். பகலில் பள்ளிக்கும் மாலையில் மன்றத்துக்கும் பயன்படும் ஒரு மேடை. பெண்களுக்குத் தனி ஒப்பனை அறை, கழிப்பறை. தமிழ் வகுப்புகள் அதே இடத்தில் தொடர வேண்டும். கீழே ஆசிரியர்கள் கையெழுத்து, மன்றத்தார் கையெழுத்து, தாய்மார்கள் கையெழுத்து. கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள் பெருவிரல் ரேகை வைக்கட்டும். அப்படி ஒரு மனுவைத் தள்ளி வைப்பது அத்தனை சுலபமல்ல.

போன வாரம் நானும் அந்த ஆசிரியரும் சேர்ந்து, நான் சொன்ன அந்தப் பெண் பிள்ளையின் வீட்டுக்குப் போனோம். மடி நிறையச் சட்டை, கையில் கத்திரிக்கோல். "அடுத்த வருசம் எந்தப் பக்கம் நடிக்கிற தாயீ?" என்று கேட்டேன். அதையும் தப்பாகத்தான் கேட்டேன். அவள் நிமிர்ந்து பார்த்து, "அடுத்த வருசம் நான் பத்தாப்பு மாமா" என்றாள். அவ்வளவுதான். ஆசிரியர் ஒன்றும் பேசவில்லை. நானும் பேசவில்லை.

அவளுக்கு இந்த ஆண்டுதான் ஆண்டு, தோழர்களே. அதை நாம் கெடுத்துவிட்டோம். தீபாவளிக்கு முன் ஒரு நாள், இரண்டு மேடைக்கும் பொதுவாக, அவளும் மற்றப் பிள்ளைகளும் நடிக்க ஒரு நாடகம் போட வேண்டும். கண்ணகி நீதி கேட்கட்டும்; மகள் நோட்டீஸ் படிக்கட்டும். இரண்டும் ஒரே வழக்குத்தானே! அந்தத் தேதியை இன்றைக்கே, இந்தக் கூட்டம் கலைவதற்குள் குறித்துவிட வேண்டும் என்று கேட்டுக் கொள்கிறேன்.